வீடு மாறிய பிள்ளைகளோடு அங்கன்வாடியும் ஏன் மாறி வருவதில்லை?

மூன்றாம் மாடி:
சிந்தாதிரிப்பேட்டையில் இருந்தவரை தெருமுனையிலேயே அங்கன்வாடி இருந்தது. இப்போது ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் எட்டு மாடி அரசுக் குடியிருப்பில் வீடு கொடுத்திருக்கிறார்கள். இங்கே ஒரே அறை, ஒரு டீச்சர், ஒரு ஆயா, மத்தியானம் பாய் விரித்தால் பிள்ளைகள் காலை நீட்டக்கூட இடமில்லை, என் மூன்று வயது மகளை "அடுத்த மாசம் பார்க்கலாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய தெருவில் மையம் பாதி காலியாம். பிள்ளைகள் இடம் மாறினால் டீச்சரும் முட்டையும் ஏன் மாறுவதில்லை? யாரிடம் கேட்பது?

தென்சென்னைவாசி:
முதலில் உங்கள் குடியிருப்பு எந்த எல்லையில் வருகிறது என்று பாருங்கள். இப்படி நகரத்து மக்களைக் குடியேற்றிய கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்துவிட்டன. அதே மாதிரி இடமான பெரும்பாக்கம் வெளியே நின்றுவிட்டது, அது செங்கல்பட்டு மாவட்டத்து ஊராட்சி. நகரத்து ஜனத்தைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு ஊராட்சியிடம் சமாளி என்றால் எப்படி? திட்டம் போடுபவர்கள் கையில் இருந்த சென்சஸும் 2011-உடையதுதான், அப்போது அந்த எட்டு மாடிகளில் ஆளே குடியில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை:
பள்ளியிலும் இதே கதைதான். ஆகஸ்ட் 1 அன்று எத்தனை மாணவர் என்று பார்த்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிப்பார்கள். ஆனால் 2019 கடைசியில் சென்னைக் கூவம் கரையோரச் சத்தியவாணிமுத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது கல்வியாண்டின் நடுவில். அப்படி வரும் பிள்ளை அந்த வருடக் கணக்கிலேயே இருக்காது. பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளை இப்படிப் பிடுங்கி நடுவது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மனு எழுதுபவன்:
சகோதரி, 2006 டிசம்பரில் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு ஒன்று இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகள் இருந்தும் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையென்றால், கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். உங்களிடம் ஒன்று இருப்பதால் 'இல்லை' என்ற வாதம் நிற்காது, ஆனால் மக்கள்தொகையில் 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்ற அளவுகோல் இருக்கிறதே, அதைப் பிடியுங்கள். பிளாக் வாரியாகப் பிள்ளைகள் பெயர், வயது, கதவு எண் எழுதி, தாய்மார்கள் கையெழுத்தோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள். ஒரு நகல் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு. ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

மூன்றாம் மாடி:
சரிங்கண்ணா, எங்கள் பிளாக்கில் இன்றைக்கே எழுத ஆரம்பிக்கிறோம். வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகளையும் சேர்க்கலாமா?

மனு எழுதுபவன்:
கட்டாயம் சேருங்கள். ஒதுக்கீடு யார் பெயரில் என்பது வீட்டுக்குத்தான், சத்துமாவுக்கு இல்லை.