மான் கணக்கெடுக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

பீன்ஸ்தோட்டம்
கேரளத்தில், மறையூருக்கு மேலே காந்தல்லூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பீன்ஸும் பூண்டும் இருக்கிறது. காட்டுமாடும் பன்றியும் பழகிப்போன தொல்லை. இப்போது கடமான் வேறு. ராத்திரி வேலி தாண்டி வந்து கொழுந்தாகப் பார்த்து மேய்ந்துவிட்டுப் போகிறது. காலையில் போனால் தண்டெல்லாம் நார்நாராகப் பிய்ந்து தொங்கும்.

போன வாரம் வனத்துறை வாட்சர் வந்து, மான் கணக்கெடுப்புக்கு ஊர்க்காரர்களும் வரவேண்டும், சாப்பாடு உண்டு என்றார். பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா, “எண்ணுவதற்கு நாம், முடிவெடுக்க அவர்களா? போகாதே” என்கிறார். எனக்கும் அதே எரிச்சல்தான். பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் 2022-ல் பஞ்சாயத்துத் தலைவருக்கு வந்ததே, மானுக்கு ஏன் இல்லை? பக்கத்திலிருக்கும் சின்னாறு காடு வனவிலங்கு சரணாலயம் ஆனது 1984-ல். எங்கள் தாத்தா மண்வெட்டி பிடித்தது அதற்கும் முன்னே. போனால் எங்களுக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்.

தூவானம்
போங்கள் அண்ணே. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு கணக்கெடுப்புக்குப் போயிருக்கிறேன். பாறையில் நிற்கும் வரையாட்டைக் கண்ணால் எண்ணிவிடலாம். கடமான் அப்படியில்லை, ராத்திரி ஆள். விடியற்காலையில் நேர்கோட்டில் நடந்து எண்ணினால் புள்ளிமான் கூட்டம் கணக்கில் ஏறும், கடமான் ஒன்றிரண்டு கண்ணில் பட்டாலே அதிகம். அதனால் புழுக்கையையும் எண்ணச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் தோட்டத்து ஓரத்தையும் சேர்த்து. இதைச் சொல்லவாவது ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

உடுமலைக்காரன்
பன்றி உத்தரவு மானுக்குப் பொருந்தாது. துப்பாக்கிப் பேச்சை விடுங்கள், ஜெயிலுக்குப் போவீர்கள். அந்தமானில் வெள்ளைக்காரன் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், அடித்துத் தின்ன ஒரு மிருகமும் இல்லாமல் பெருகி, காட்டில் இளம் மரக்கன்றுகளை வளரவிடாமல் தின்கிறது. ஆனால் சின்னாறில் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. மான் நிஜமாகவே பெருகிவிட்டதா, இல்லை காட்டுக்குள்ளே உண்ணிச்செடி (லண்டானா) மண்டி, புல் கிடைக்காமல் வெளியே வருகிறதா? முதலில் அதைக் கேளுங்கள்.

பீன்ஸ்தோட்டம்
உண்ணிச்செடி வெட்டவும் எங்களையே கூப்பிடுவார்கள் போல!

பழைய மெம்பர்
தம்பி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33பி பிரிவில் சரணாலயத்துக்கு ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. தொகுதி எம்.எல்.ஏ., பஞ்சாயத்துப் பிரதிநிதிகள் 3 பேர், தன்னார்வ அமைப்புக்காரர்கள் 2 பேர் எல்லாம் அதில் உண்டு. அந்த 3 பேர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று உங்கள் வார்டு மெம்பரிடம் கேளுங்கள். சித்தப்பாவின் கோபத்தை அங்கே கொண்டுபோக வேண்டும். ஆலோசனை சொல்லும் குழுதான், உத்தரவு போடாது. ஆனால் பேசியது மினிட்ஸில் ஏறும், அப்புறம் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

பயிர் நஷ்டத்துக்கு அக்ஷயா இ-சேவை மையத்தில் மனு போடுங்கள். கிடைக்கிற பணத்தைப் பார்த்துச் சலித்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். மனு இல்லையென்றால் ஆபீஸ் காகிதத்தில் உங்கள் தோட்டத்துக்கு மானே வரவில்லை. போட்டோவில் தண்டு நுனி கிட்டத்தில் தெரியட்டும். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது, இழுத்துப் பிய்த்துத்தான் தின்னும். முயல் கடித்திருந்தால் கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருக்கும்.

பீன்ஸ்தோட்டம்
புழுக்கை விஷயத்தை வாட்சரிடம் சொன்னேன், “ரேஞ்சரிடம் கேட்கிறேன்” என்றார். நானும் எதிர்வீட்டு அக்காவும் போகிறோம். சித்தப்பா வரமாட்டாராம். மெம்பர் இன்னும் போனை எடுக்கவில்லை.