புதுப்பிப்பு: அருங்காட்சியகம், பல்கலைக்கழகம் கூட்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது

புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகி ஓராண்டாகியும் எங்கள் அருங்காட்சியக ஊழியர்களுக்குப் பல்கலைக்கழகப் பயிற்சி தொடங்கவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, ஒப்பந்தத்தோடு ஒரு பக்க இணைப்பு சேர்க்கச் சொன்ன யோசனைதான். யார் பொறுப்பு, எந்தத் தேதி, செலவு யாருடையது என்று எழுதியதும் மூன்றே வாரத்தில் வகுப்பு தொடங்கியது. பயிற்சிக்குப் பல்கலைக்கழகப் படிப்பில் கிரெடிட் (மதிப்பலகு) தருவது பற்றிய பேச்சை அப்புறம் வைத்துக்கொண்டோம்.

எதிர்பாராதது ஒன்று. பழந்துணிகளுக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது என்று எங்கள் ஊழியர்களோடு கூடவே படித்த பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தெரியும், அளந்து பார்த்ததில்லை. எங்கள் காட்சிக்கூட ஊழியர்தான் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் கையில் கொடுத்துக் கற்றுத்தந்தார். இப்போது பாதி வகுப்புகளை எங்கள் ஆட்களே எடுக்கிறார்கள், அவ்வளவு சந்தோஷம்!

பயிற்சியில் எடுக்கும் படங்களின் உரிமை யாருக்கு என்பதையும் இணைப்பிலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதாததால் பாதியில் நிறுத்திப் பேச வேண்டியதாயிற்று.