நிலம் எத்தனை மா? சம்பளம் எவ்வளவு? பெண் பார்க்கப் போன அனுபவங்கள்

வடுவூரான்:
சித்தப்பா மகனுக்குப் பெண் பார்க்க நீடாமங்கலம் பக்கம் போயிருந்தோம். பையன் விவசாயம். "நிலம் எத்தனை மா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள், பதினெட்டு மா என்று சொல்லலாம், அதாவது ஆறு ஏக்கர், இன்னும் ரெண்டு மா இருந்தால் ஒரு வேலி என்று சித்தப்பா காரிலேயே ஒத்திகை பார்த்துவிட்டார். எங்க அத்தைகள் காலத்தில் அதுக்கே தட்டு மாற்றியிருப்பார்கள். இங்கே கேசரியைக் கொண்டுவந்து வைத்தது பெண்ணோட அண்ணன். பெண் திருச்சியில் வேலை பார்க்கிறது, நேராக வந்து எதிரே உட்கார்ந்து, "மாசம் எவ்வளவுங்க வரும்?" என்றது. இவன் குறுவை, சம்பா என்று போகக் கணக்கு சொல்ல ஆரம்பித்தான். "ஆத்துல தண்ணி வரலைன்னா?" ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷமெல்லாம் அந்த வீட்டுக்கும் தெரியாதா என்ன. திரும்பும்போது சித்தப்பா "வாயப் பாரு" என்று பொருமிக்கொண்டே வந்தார். எனக்கு அது தப்பாகவே படவில்லை. 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தாச்சு, இன்னும் பவுன் கணக்கைக் கூசாமல் கேட்கிறோம், அவர்கள் வருமானம் கேட்டால் மட்டும் வாய் நீளமா? சித்தப்பா இப்போது பையன் ஜாதகத்தில் 'விவசாயம்' என்பதை அடித்துவிட்டு 'சொந்தத் தொழில்' என்று போட்டிருக்கிறார்.

குடந்தைப் பொண்ணு:
பவுன் பேச்சு எடுத்ததால் சொல்கிறேன். எங்க பாட்டிக்குப் பரிசம் போட்டது தாத்தா வீடுதான். நடவுக்குப் போகிற கை ஒரு வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போகிறது, அதுக்கான மரியாதை அது. அம்மா காலத்தில் அப்பாவுக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது, அம்மா வயலில் இறங்க வேண்டாம் என்றானது, அதோடு பணம் போகிற திசையும் மாறிவிட்டது. கௌரவம் கூடிச்சு, செலவும் பெண் வீட்டுத் தலையில்!
என்னைப் பார்த்தது சாரங்கபாணி கோயில் பிராகாரத்தில், பிடிக்காமல் போனாலும் தெருவுக்குத் தெரியாது என்று. அதுக்கு முன்னாடியே நாங்க வாட்ஸப்பில் ஒரு மாசம் பேசியாச்சு, அது இன்றுவரை மாமியாருக்குத் தெரியாது.

குத்தாலத்தான்:
வடுவூர்க்காரரே, உங்க தம்பி மட்டுமில்லை. போன மாசம், கல்யாணம் கூடிவர வேண்டிக்கிற திருமணஞ்சேரி கோயிலுக்குப் போனேன், மாலை வாங்க நின்ற வரிசையில் பாதி ஆம்பளைப் பசங்க. முன்னால் நின்றவனிடம் பேச்சுக் கொடுத்தேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு திருப்பூர் கம்பெனி வேலைக்குப் போகிறானாம், தரகர் சொன்ன யோசனை. "கல்யாணம் முடிஞ்சதும் திரும்பி வந்து வயலைப் பார்ப்பேண்ணே" என்றான். பெண் வீட்டில் அதைச் சொல்லிட்டியாப்பா என்று கேட்டேன், சிரித்துவிட்டு வரிசையில் நகர்ந்துட்டான்.