கண்ணீர் அஞ்சலி பேனரில் சிக்கும் கொலைகாரன்: ஒரு பகடி நாவலின் கைப்பிரதி குறித்து

மஞ்சள்மண்டி:
எங்கள் ஈரோட்டு நண்பர் ஒருவர் எழுதிவரும் நாவலில், நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயப்பட்டறை முதலாளி ஒருவர் பிணமாக மிதக்கிறார். அஞ்சலி விளம்பரம் கேட்டு இழவு வீட்டுக்குப் போகும் பகுதிநேர நிருபர், வாசலில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பேனர் பிணம் கிடைப்பதற்கு முந்தின நாள் மாலையே வடிவமைக்கப்பட்டது என்பதைப் பேனர் கடைக் கணினியில் கண்டுபிடித்துவிடுகிறார். கொங்குப் பகுதியை இவ்வளவு கூர்மையாகக் கிண்டல் செய்த கதையை நான் படித்ததில்லை.

நொய்யல்கரை:
கூர்மை இருக்கிறது, ஆனால் குத்துவது யாரை? பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைப் பயிருக்கு விட முடியாமல் போனதையும், 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதையும் ஒரே பத்தியில் கடந்துவிட்டு, மாதச் சம்பளமில்லாத நிருபரின் கிழிந்த செருப்புக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார். எங்கள் தோட்டத்துக் கிணறு கெட்டதைப் பார்த்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மஞ்சள்மண்டி:
அண்ணா, கொலை நடந்திருக்கிறது என்று நிருபர் தொலைபேசியில் பதறும்போது, மறுமுனையில் பத்திரிகை அலுவலகத்தில் இருப்பவர் “விளம்பரம் கால் பக்கமா, அரைப் பக்கமா?” என்று கேட்கிறாரே, அந்தக் குத்து யார்மீது?

பழைய அச்சகம்:
பேனர் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினியின் தேதி, மின்சாரம் போய் வந்தால் பல வருடம் பின்னால் போய்விடும். என் கடையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா பேனர், அந்தப் பெண் பிறப்பதற்கு முன்பே அடித்ததாகக் கணக்குக் காட்டியது. இந்தத் துப்பு நீதிமன்றத்தில் நிற்காது.

நொய்யல்கரை:
கடைசியில் கொலையாளி நிருபரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறானே, அது மட்டும் எப்படி நிற்கும்?

மஞ்சள்மண்டி:
அது நிற்கலாம். போலீசாரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைத்தான் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவு தள்ளிவைக்கிறது. நிருபர் போலீஸ் அல்ல. வெளியாளிடம் சொன்னதை நீதிமன்றம் பலவீனமான சாட்சியமாகவே பார்க்கும் என்பதால், துணைக்கு வேறு ஆதாரம் வேண்டும். அதற்கு அச்சகத்தாரின் பேட்டரி தடையாக வருமென்றால், கதைக்கு இன்னொரு நல்ல அத்தியாயம் கிடைத்துவிட்டது.

நொய்யல்கரை:
அந்த அத்தியாயத்தை எழுதட்டும். செருப்பில் இரண்டு பக்கம் குறைத்து அணைக்குக் கொடுக்கட்டும். அதுவரை என் கருத்தில் மாற்றமில்லை.