மறு: டிமென்ஷியா ஆய்வு – ‘குறைபங்கேற்பு’க்கு பதிலா ‘சேர்ப்புக்குறை’?

வணக்கம் அண்ணா,

டிமென்ஷியா, அதாவது மறதி நோய், பத்தின ஆய்வுகள்ல சில இனத்தவர் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லாம போறதை இங்கிலீஷ்ல அண்டர்ரெப்ரசென்டேஷன்ம்பாங்க. அதுக்குத் தமிழ்ல நீங்க சொன்ன ‘குறைபங்கேற்பு’ சொல்ல சுலபமாத்தான் இருக்கு, ஆனா அதைப் படிச்சதும் மக்கள்தான் வரலன்னு அர்த்தம் ஆயிடுது. அமெரிக்காவுல கறுப்பின முதியவங்களுக்கு டிமென்ஷியா வெள்ளையரை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு அல்சைமர்ஸ் அசோசியேஷனே சொல்லுது, அப்படியிருந்தும் 2021ல அனுமதி வாங்குன அடுகானுமாப்ங்கிற அல்சைமர் மருந்தோட ரெண்டு பெரிய ட்ரையலையும் சேர்த்துப் பார்த்தா, கலந்துக்கிட்டவங்கள்ல அவங்க 1 சதவீதம் கூட இல்ல.

ஏன்னு கேட்டா உடனே, அமெரிக்காவுல டஸ்கிகீங்கிற ஊர்ல கறுப்பின ஆண்கள் மேல நடந்த ஆய்வால வந்த அவநம்பிக்கைம்பாங்க. 1932லேர்ந்து 1972 வரைக்கும், பென்சிலின் வந்த பிறகும் சிபிலிஸ் நோயாளிங்களுக்கு அதைக் குடுக்காம வச்சிருந்தாங்க, அந்தக் கோபம் முழுக்க நியாயம். ஆனா 2006ல பிளாஸ் மெடிசின்ங்கிற மருத்துவ இதழ்ல வந்த ஒரு கட்டுரை, பல மருத்துவ ஆய்வுகள்லேர்ந்து 70,000 பேருக்கு மேல உள்ள தரவை எடுத்துப் பார்த்து, கூப்பிட்டா சம்மதிக்கிறதுல இனத்துக்கு இனம் பெரிய வித்தியாசமே இல்லன்னுச்சு. அப்ப கூப்பிடவே இல்லைங்கிறதுதானே விஷயம்?

கூப்பிட்டாலும் உள்ள போறது லேசா? நோயாளியைப் பத்தி நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர், ஸ்டடி பார்ட்னர்னு, பல தடவை கூட வரணும், தினக்கூலிக்குப் போற மக எத்தனை நாள் லீவு போடுவா. சுகர், பிரஷர் கட்டுக்குள்ள இல்லன்னா பல ட்ரையல்ல எடுக்க மாட்டாங்க. அதையும் தாண்டி வந்தா, மூளையில படியுற அமிலாய்டுங்கிற புரதம் பெட் ஸ்கேன்ல போதுமான அளவு தெரியணும், அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே மருந்து குடுத்துப் பார்த்த ஏ4 ஆய்வுல கறுப்பினத்தவர் அந்த இடத்துலயும் அதிகமா கழிஞ்சாங்க. இவ்வளவும் ஆய்வை வடிவமைச்சவங்க போட்ட விதி. அதனாலதான் ‘சேர்ப்புக்குறை’ங்கிறேன், யார் சேர்க்கலங்கிற கேள்வி சொல்லுலயே இருக்கட்டும்.

---

தம்பி,

காரணம் சரி, சொல்லுதான் இடிக்குது. ‘சேர்ப்புக்குறை’ன்னா சேர்க்குற முறையில ஏதோ பிழைன்னு படும். குறைமதிப்பீடு மாதிரி ‘குறைசேர்ப்பு’ன்னு வைங்க, ‘குறைசேர்ப்புக்குள்ளான இனக்குழுக்கள்’னு வாக்கியத்துலயும் உட்காரும். ரேஸுக்கு இனம், எத்னிசிட்டிக்கு இனக்குழுன்னு பிரிச்சே வைக்கணும், ஹிஸ்பானிக்கை, அதாவது ஸ்பானிஷ் பேசுற நாடுகள்லேர்ந்து வந்த வழியினரான்னு, அமெரிக்க படிவங்கள்ல பல வருசமா தனிக் கேள்வியாத்தான் கேட்டாங்க.

இன்னொண்ணு, சொல்லு நாட்டுக்கும் பொருந்தணும். 10/66ங்கிற டிமென்ஷியா ஆய்வுக் குழுவோட பேருக்கே காரணம் அதான்: டிமென்ஷியா உள்ளவங்கள்ல 66 சதவீதம் வளரும் நாடுகள்ல, ஆனா ஆய்வுகள்ல 10 சதவீதம் கூட அவங்களைப் பத்தி இல்ல. சென்னையிலயும் வேலூர் பக்கமும் அவங்க வேலை பார்த்தப்ப, பள்ளிக்கூடம் போகாதவங்களுக்கும் ஒத்துவர்ற சோதனை தேவைப்பட்டுச்சு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு மறதி நோய்னு தப்பா முத்திரை குத்துறதும் குறைசேர்ப்போட விளைவுதான், விளக்கக் குறிப்புல இதையும் சேருங்க.