புதுப்பிப்பு: பழைய ஸ்கீ படகின் ஸ்ட்ரிங்கரும் இன்ஜினும்

சிங்கப்பூர் பொங்கோலில் கிடக்கும் என் பழைய இன்போர்டு (இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும்) ஸ்கீ படகில் இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகள் இறுகாமல் சும்மா சுற்றுகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். ஸ்ட்ரிங்கர் மரம், அதாவது இன்ஜினைத் தாங்கி அடிப்பாகத்தில் நீளவாக்கில் ஓடும் கட்டை, உளுத்திருக்கும் என்றீர்கள். அதேதான். மேலே ஃபைபர் பளபளவென்று இருந்தது. வெட்டித் திறந்தால் உள்ளே கறுத்து, ஈரம் சொட்டி, விரலாலேயே பிய்ந்து வந்தது. போல்ட் துளை வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இரண்டு பக்க ஸ்ட்ரிங்கரையும் ஒரே நேரத்தில் வெட்டவில்லை. அடிப்பாகம் வளைந்தால் ப்ரொப்பல்லரைச் சுழற்றும் ஷாஃப்டின் நேர் போய்விடும். ஒரு பக்கம் புதிதாக வைத்து இறுகிய பிறகே அடுத்தது. நம்ம ஊர் வெக்கையில் எப்பாக்சி (ஒட்டும் பிசின்) டப்பாவிலேயே சூடேறிக் கெட்டியாகிவிடும், அதனால் மெதுவாக இறுகவைக்கும் ஸ்லோ ஹார்டனர். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, காலையிலேயே பூசினோம். துளைகளைப் பெரிதாகப் போட்டு, எப்பாக்சி நிரப்பி, அதற்குள் மறுபடி துளைத்துத்தான் போல்ட்.

351 கன அங்குல ஃபோர்டு வி8 இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய ஒன்றுபோல. புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைத்தான் உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. பேட்டரியை சார்ஜ் செய்ய கார் ஆல்டர்னேட்டர் போதாதா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டவே வேண்டாம். மூடிய இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி தேங்கும். மரைன் ஆல்டர்னேட்டரில் தீப்பொறி அதைப் பற்றவைக்காதபடி காப்பு உண்டு.

ஷாஃப்டை இன்ஜின் பக்கத்தோடு இணைக்கும் கப்ளிங்கின் இடைவெளி வித்தியாசத்தை, படகைத் தண்ணீரில் இறக்கிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.003 அங்குலத்துக்குள் கொண்டுவர வேண்டும். புது மேனிஃபோல்டு வந்ததும் படகை இறக்குகிறோம்.