புதுப்பிப்பு: பெரியப்பாவின் கேசட்டுகளும் சாக்ஸும்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு) பெரியப்பா பேசிப் பதிந்த கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிட்டேன், ஆனால் பேச்சுக்கு அடியில் ஓயாத ‘உஸ்ஸ்’, என்ன செய்வது என்று. ஒலிக் கோப்புகளைத் திருத்தும் ‘சாக்ஸ்’ (SoX) போதும் என்றீர்கள். 1991இல் பிறந்த மென்பொருள், கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். பயந்துகொண்டே இறங்கினேன்.

பேச்சு தொடங்குமுன் வெறும் இரைச்சல் இருந்த ஒரு நொடியை ‘டிரிம்’ போட்டு வெட்டினேன். ‘நாய்ஸ்புரோஃப்’ அந்த இரைச்சலின் கைரேகையை எடுத்தது. ‘நாய்ஸ்ரெட்’ அதை முழுப் பதிவிலும் தேடிக் குறைத்தது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்ளும் அளவு 0.5. அதில் பெரியப்பா கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தார்! 0.2க்கு இறக்கினேன். இரைச்சல் கொஞ்சம் மிச்சம், இருக்கட்டும். பின்னால் பால்வாளி மோதும் சத்தமும் தப்பித்தது.

ஒரு கோப்பை நானே நாசமாக்கினேன். படிக்கும் கோப்புக்கும் எழுதும் கோப்புக்கும் ஒரே பெயர் கொடுத்துவிட்டேன். சாக்ஸ் ஒரு வார்த்தை கேட்காமல் மேலேயே எழுதிவிடும். நல்லவேளை, கேசட் கையில் இருந்தது.

அப்புறம், எல்லாக் கேசட்டுக்கும் ஓடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, தமிழில் விளக்கக் கையேடும் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் இரண்டே விஷயம்: அசல் கோப்பைத் தனி அடைவில் வை; ‘டிரிம்’, ‘நாய்ஸ்ரெட்’ போன்ற விளைவுகளின் பெயர் கட்டளையில் எப்போதும் வெளியீட்டுக் கோப்புக்குப் பிறகுதான் வரும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. அத்தை வந்து, பதிவை ஒலிக்கவைக்கும் ‘பிளே’ கட்டளையைத் தானே தட்டிக் கேட்டார்.